பின்புறத்தில் 16க்கு 8 மீட்டர் இடம்: ஆடுகளத்துக்குச் செயற்கைப் புல் போடலாமா?

பின்வாசல் எழுதியது:

வணக்கம். இத்தனை நாளும் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வீட்டுக்குப் பின்னால் 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமுமாக இடம் சும்மா கிடக்கிறது. ஒரு மூலையில் பெரிய மரம். அதன் நிழலில் புல் பிடிக்க மாட்டேன் என்கிறது. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. மூன்று தடவை விதை தூவி மூன்று தடவையும் தோற்றாயிற்று.

மகளுக்கு 8 வயது, டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். மகனுக்கு 12, கால்பந்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் ஒரு கூடைப்பந்து வளையமும் வேண்டுமாம். எனக்கும் மனைவிக்கும் சாயங்காலம் இறகுப்பந்து ஆட ஆசை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டர்ஃப், அதாவது செயற்கைப் புல், போட்டுவிடலாம் என்று நினைத்தேன். 40 மி.மீ. உயரத்தில் ஒன்று காட்டினார்கள், மெத்தை மாதிரி இருந்தது. மண்ணைத் தட்டி மட்டம் பண்ணி மேலே விரித்தால் போதும் என்கிறார்கள். போதுமா?

ரசமட்டம் எழுதியது:

போதாது.

தூக்கம் வருகிறது, விவரமாக நாளை எழுதுகிறேன். அதற்குள் யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பந்துபொறுக்கி எழுதியது:

அண்ணன் எழுந்து வருவதற்குள் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். அடித்தளம் அவருடைய ஏரியா.

முழு டென்னிஸ் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், இரட்டையருக்கு 10.97 மீட்டர் அகலம். அது கோட்டுக்குக் கோடு உள்ள அளவு. ஓடிப் பிடிக்க அதற்கு வெளியேயும் இடம் வேண்டும். உங்கள் இடத்தில் நடக்காது. ஆனால் 8 வயதுப் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே சின்னப் பிள்ளைகளுக்கென்று 'சிவப்பு' கோர்ட் ஒன்று வைத்திருக்கிறது. நீளம் 10.97 முதல் 12.80 மீட்டர் வரை, அகலம் 4.27 முதல் 6.10 மீட்டர் வரை இருக்கலாம். வலை சுமார் 80 செ.மீ. உயரம்தான். பந்தும் மெதுவாக வரும் பந்து. 11 மீட்டர் நீளத்தில் கோடு போட்டால் இரண்டு முனையிலும் இரண்டரை மீட்டர் மிஞ்சும். உங்கள் இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

இறகுப்பந்து கோர்ட் 13.40க்கு 6.10. அதுவும் உள்ளே அடங்கும். அந்த ஆட்டத்தில் எதுவும் தரையில் பட்டு எழும்ப வேண்டியதில்லை, தரை வெறும் காலுக்குத்தான். குட்டைப் புல்லில் வீட்டு ஆட்டம் தாராளமாக ஆடலாம். 40 மி.மீ. மெத்தையில் ஆடினால் சட்டென்று திரும்பும்போது பாதம் மாட்டிக்கொள்ளும், கணுக்கால் பிசகும். காற்றடித்தால் இறகு உங்கள் பேச்சைக் கேட்காது, அதற்கு டர்ஃப் பொறுப்பில்லை.

கூடைப்பந்தை மட்டும் மறந்துவிடுங்கள். புல்லில் தட்டினால் பந்து எழுந்து கைக்கு வராது. வளையம் கண்டிப்பாக வேண்டும் என்று மகன் அடம் பிடித்தால் ஓரமாகத் தனியாக ஒரு சிமெண்ட் திட்டு போட்டுக் கொடுங்கள்.

தையல்காரி எழுதியது:

எட்டு வருடம் டர்ஃப் விரிக்கும் குழுவில் வேலை பார்த்தேன். என் பங்கு பெரும்பாலும் ஜாயின்ட் போடுவது, அதாவது இரண்டு ரோலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவது, அதனால்தான் இந்தப் பெயர்.

மெத்தை மாதிரி இருந்தது என்றீர்களே, அது தோட்ட அலங்கார ரகமாக இருக்கும். கால்பந்து மைதானத்திலும் 40 முதல் 60 மி.மீ. உயரப் புல்தான் போடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் மணலும் ரப்பர் துகளும் நிரப்பியிருக்கும். காலில் படுவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி மட்டும்தான். எதுவும் நிரப்பாத 40 மி.மீ. புல்லில் பந்து உதைத்தால் ஆறே மாதத்தில் நடுவில் படுத்துவிடும், ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். வழுக்கையும் ஓரமுடியும் மாதிரி.

டென்னிஸுக்கு 12 முதல் 20 மி.மீ. வரைதான், இழைக்கு நடுவே மணல். உங்கள் வீட்டு ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வருவது அந்த ரகம். 15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்பந்துக்கு அது முதல் தரம் இல்லை, மணல் மேல் சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரியும். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இழை எதில் செய்தது என்று கேளுங்கள். நைலான் உறுதி, விலையும் அதிகம், ஈரத்தை இழுக்கும். பாலிஎத்திலீன் மிருது, தோலுக்கு நல்லது. பாலிபுரொப்பிலீன் கொஞ்சம் முரடு, குட்டைப் புல்லில் நிமிர்ந்து நிற்கும். மணல் நிரப்பும் டென்னிஸ் ரகத்தில் பின்னிரண்டும் கிடைக்கும். எதுவானாலும் வெயில் தாங்கும் மருந்து கலந்த இழையா என்பதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் இழை வெளிறி, உள்ளங்கையால் தேய்த்தாலே பொடியாக உதிரும்.

'டிடெக்ஸ்' என்று ஒரு எண்ணைச் சொல்லி அசத்தப் பார்ப்பார்கள். 10,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. எண் பெரிது என்றால் இழை கனம் என்று பொருள். ஆனால் ஆறு எட்டு மெல்லிய இழைகளை ஒன்றாகத் திரித்து மொத்த எடையைச் சொன்னாலும் எண் பெரிதாகத்தான் வரும். அதனால் எண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். மாதிரித் துண்டைக் கையில் வாங்கி, தலைக்கு வகிடு எடுப்பது போல் புல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பாருங்கள். வகிடு அகலமாக, அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் தையல் வரிசை தள்ளித் தள்ளி இருக்கிறது. ஒரு கொத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வரக்கூடாது. அப்புறம் துண்டைத் திருப்பி அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். குழாயடியில் பிடித்தால் தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும்.

பின்வாசல் எழுதியது:

அக்கா, அந்த வகிடு வேலையை இன்று செய்து பார்த்தேன். முதலில் பிடித்துப்போன துண்டில் என் சுண்டுவிரல் படுத்துக்கொள்ளும் அளவுக்கு வகிடு. திருப்பிக் கொடுத்துவிட்டேன். 15 மி.மீ. துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது, வகிடே எடுக்க முடியவில்லை.

ரசமட்டம் எழுதியது:

சரி, இப்போது தரைக்கு வருவோம்.

ஆடுகளம் என்பது அடியில் இருக்கும் ஜல்லிப் படுகைதான், டர்ஃப் அதற்குப் போட்ட போர்வை. போர்வையைப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். படுகை ஒழுங்காக இருந்தால் இரண்டாவது போர்வைக்கும் அதுவே போதும்.

உங்கள் இடம் 128 சதுர மீட்டர். 15 செ.மீ. ஜல்லி, அதற்கு மேல் இரண்டரை செ.மீ. ஜல்லித் தூள், அப்புறம் டர்ஃப். மொத்தம் 19 செ.மீ. அளவுக்கு மண்ணை எடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 24 கன மீட்டர் மண். வெட்டிய மண் உப்பும், வெளியே குவிக்கும்போது 30 ஆகத் தெரியும். அந்தக் குவியல் எங்கே போகப் போகிறது என்பதை மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முக்கால்வாசிப் பேர் இதை யோசிப்பதே இல்லை. பிறகு வீட்டு வாசலில் மலை நிற்கும்.

மேல்மண்ணில் வேர், இலைமக்கு எதுவும் மிஞ்சக்கூடாது. மக்கினால் அந்த இடம் உள்வாங்கும். கெட்டியான மண் வரும்வரை வெட்டுங்கள். பிறகு ஜியோடெக்ஸ்டைல் என்ற, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணியை விரித்து அதன் மேல் ஜல்லி. துணி எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மண் ஜல்லிக்குள் ஏறும், ஜல்லி மண்ணுக்குள் இறங்கும். இரண்டு வருடத்தில் இரண்டும் கலந்துவிடும்.

15 செ.மீ. ஜல்லியை ஒரே தடவையில் கொட்டி இடிக்காதீர்கள். மேலே இறுகும், அடியில் தளர்வாகவே நிற்கும். 5 முதல் 7 செ.மீ. வரை பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டர் (தட்டு அதிர்ந்து இடிக்கும் இயந்திரம்) ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு. கைத்திமிசு இந்தப் பரப்புக்கு ஆகாது, மூலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி வாங்கும்போது கால் பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள், இடித்தால் அமுங்கும். ஒரே அளவு உருண்டைக் கல்லாக இருக்கக்கூடாது, உருண்டை உருண்டுகொண்டேதான் இருக்கும். சின்னதும் பெரியதும் கலந்த உடைகல்தான் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்.

ஜல்லித் தூளை இரண்டரை செ.மீ.க்கு மேல் போடாதீர்கள். மட்டம் தட்ட வசதியாக இருக்கிறதே என்று அள்ளிக் கொட்டுவார்கள். கனமாகப் போட்டால் தண்ணீர் இறங்காது, ஓடும் காலுக்கு அடியில் அலை அலையாக நகரவும் செய்யும்.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு: நூற்றுக்கு ஒன்று. நீளவாக்கில் கொடுத்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 16 செ.மீ. வித்தியாசம் வரும், ஒருவர் மேட்டில் நின்று ஆடுவார், இன்னொருவர் பள்ளத்தில். அகலவாக்கில் கொடுங்கள், 8 செ.மீ.தான். வீட்டுப் பக்கம் உயரம், வெளிப்பக்கம் தாழ்வு. ஒரே தளமாகச் சாய வேண்டும், நடுவில் முதுகு எடுக்காதீர்கள்.

கடைசியாக 3 மீட்டர் நேர்சட்டத்தைத் தரையில் வைத்து, எங்கெங்கே அடியில் வெளிச்சம் தெரிகிறது என்று பாருங்கள். இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் அங்கே தூளைச் சேர்க்கவோ சுரண்டவோ வேண்டும். குட்டைப் புல் எந்தப் பள்ளத்தையும் மறைக்காது.

பழையவீடு எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையையும் செய்யாமல் விட்ட ஆள் நான்தான். வந்து போட்டவர்கள் மண்ணை ஒரு தட்டுத் தட்டி, மேலே ஆற்றுமணல் மாதிரி எதையோ பரப்பி, ஒரே நாளில் விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் எடுத்த போட்டோ இன்னும் இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு.

முதல் மழைக்காலம் முடிந்ததும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி. அடுத்த வருடம் அப்படி ஐந்து. ஒரு பக்கம் மண் சரிந்து இறங்க, ஜாயின்ட் இழுபட்டு வாய் பிளந்தது. அதற்குள்ளிருந்து கோரை எட்டிப்பார்த்தது. செயற்கைப் புல்லுக்குக் களை பறித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். மூலையை ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன். கறுப்பாக ஈரமண், நத்தை, பாசி வாடை. ஜாயின்ட்டுக்கு அடியில் வைக்கும் டேப்பில் பசை ஒட்டவே இல்லை, டேப்பின் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்திருக்கிறார்கள்.

புல்லில் ஒரு குறையும் இல்லை, நல்ல புல்தான். அதையே சுருட்டி வைத்து, அடியில் முறையாக ஜல்லி போட்டு, திரும்ப விரித்தேன். இரண்டு தடவை கூலி.

தளக்காரன் எழுதியது:

இவ்வளவு ஜல்லி, தூள், திமிசு எல்லாம் எதற்கு? 10 செ.மீ. கான்கிரீட் போட்டு அதன் மேல் ஒட்டிவிட்டால் நூறு வருடம் அசையாது. கோரையும் வராது.

ரசமட்டம் எழுதியது:

கான்கிரீட் தப்பில்லை, மொட்டை மாடியிலும் கிரிக்கெட் வலைக்குள்ளும் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் கான்கிரீட்டில் தண்ணீர் கீழே இறங்காது, மேலேயே ஓடித்தான் போக வேண்டும். அப்போது வாட்டத்தில் ஒரு சின்னப் பிழைகூட ஆகாது. ஜல்லியில் ஒரு நூல் அளவு பிசகினால் ஒரு கூடை தூளில் சரியாகும், கான்கிரீட்டில் பிசகினால் உடைப்பதா விடுவதா என்று ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன் 28 நாள் விட வேண்டும், ஈரம் வெளியேறாத தளத்தில் பசை நிற்காது. விழுந்தால் அடியும் பலமாகப் படும், அதற்கு அடியில் ஃபோம் விரிப்பு ஒன்று தனியாகத் தேவைப்படும்.

பக்கத்தில் மரம் வேறு இருக்கிறது. வேர் தூக்கினால் கான்கிரீட் வெடிக்கும், ஜல்லி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

தளக்காரன் எழுதியது:

மரத்தை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் ஜல்லிதான். நூறு வருடத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வெயில்பல்லி எழுதியது:

யாரும் சூட்டைப் பற்றிப் பேசவில்லையே. என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், மதிய வெயிலில் டர்ஃபில் வெறுங்காலோடு நிற்க என்னாலேயே முடியாது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002 வாக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 79 டிகிரி செல்சியஸ் இருந்த செயற்கைப் புல்லைத் தண்ணீர் பாய்ச்சி 29க்கு இறக்கினார்கள். ஐந்தே நிமிடத்தில் 49 ஆயிற்று. இருபது நிமிடத்தில் 73. ஆக, தண்ணீர் தெளித்தால் போதும் என்று யாராவது சொன்னால், அது ஒரு ஆட்டம் முடியும்வரைகூடத் தாங்காது. கறுப்பு ரப்பர் துகள் போட்டால் சூடு இன்னும் மோசம். வெறும் மணல் கொஞ்சம் தேவலை.

இன்னொன்று. வீட்டு ஜன்னலில் வெப்பம் தடுக்கும் கண்ணாடி போட்டிருந்தால், சாயங்கால வெயில் அதில் பட்டு ஒரே இடத்தில் குவிந்து விழும். அந்த இடத்தில் புல் உருகிச் சுருண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். யாரோ இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்தது போல் கோடு. விரிப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் போய், கண்ணாடி வெளிச்சம் தரையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மண்புழு எழுதியது:

பேசாமல் மண்ணிலேயே ஆடினால் என்ன? நாம் எல்லோரும் மண்ணில்தானே ஆடி வளர்ந்தோம். பிளாஸ்டிக்கை விரித்து மண்ணின் மூச்சை அடைப்பதற்கு இத்தனை பக்கம் விவாதமா? அந்த ரப்பர் துகள் பழைய டயரை அரைத்தது. மழையில் அடித்துப் போய்ச் சாக்கடையில் சேரும்.

தையல்காரி எழுதியது:

மண்புழு சொல்வதில் ரப்பர் பற்றிய பாதிக்கு நான் கைதூக்குகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்டிக்குக்கு விதி கொண்டுவந்து, மைதானத்தில் கொட்டும் ரப்பர், பிளாஸ்டிக் துகள்களின் விற்பனையை 2031 அக்டோபரிலிருந்து தடுக்கிறது. மைதானங்களை மாற்றிக்கொள்ள எட்டு வருடம் அவகாசம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் என் காலுறையிலிருந்தே ஒரு கைப்பிடி கொட்டும், அதனால் எனக்கு அந்த விதி ஆச்சரியமாக இல்லை. பின்வாசல் போடப்போவது மணல் மட்டும். இழை தேய்ந்து உதிர்வது அதிலும் உண்டு, அதை மறைக்கவில்லை.

பந்துபொறுக்கி எழுதியது:

மண்புழு, அவர் மூன்று தடவை விதை தூவினார் என்பதைக் கவனித்தீர்களா? நிழலில் புல் சாவதுதான் இந்தச் சமாச்சாரத்தின் பூர்வீகமே. ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட ஸ்டேடியம் கட்டி உள்ளே நிஜப் புல் வளர்த்தார்கள். கூரையின் ஊடே வந்த வெயில் கூசி ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. 1966இல் நைலான் புல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

மண்புழு எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது. என் கருத்து மாறவில்லை. மரத்தையாவது வெட்டாமல் இருங்கள்.

பின்வாசல் எழுதியது:

மரத்தைத் தொடவில்லை மண்புழு. அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் விட்டு ஓரக்கல் வைத்துவிட்டோம், அந்த மூலை மட்டும் வெட்டுப்பட்ட சதுரம் மாதிரி இருக்கும்.

மூன்று வாரமாக எழுதவில்லை, கையெல்லாம் காப்பு. மண் எடுத்தாயிற்று, குவியலில் பாதி பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போயிற்று. ஜல்லி மூன்று அடுக்கு. நூல் கட்டி, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து வாட்டம் பார்த்தோம். கொத்தனார் "கண்ணுக்குச் சரியாத்தான் இருக்கு" என்றார். சட்டத்தை வைத்தால் மரத்துப் பக்கம் அடியில் என் கட்டைவிரல் நுழைகிறது. அவருக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நானே பத்து வாளித் தண்ணீரை மேட்டில் கொட்டினேன். மற்ற இடமெல்லாம் இறங்கிவிட்டது, அந்தக் கட்டைவிரல் இடத்தில் மட்டும் ஒரு குட்டை நின்றது. கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் தூள் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா, அடுத்தது உங்கள் வேலை. 4 மீட்டர் அகல ரோல் இரண்டு வந்திருக்கிறது.

தையல்காரி எழுதியது:

இரண்டு ரோலும் ஒரே தயாரிப்புத் தொகுதிதானா என்று மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் முதலில் பாருங்கள். தொகுதி மாறினால் பச்சை மாறும், பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் கண்ணை உறுத்தும். அப்புறம் இரண்டையும் விரித்து ஒரு நாளாவது வெயிலில் சும்மா விடுங்கள். சுருட்டி இருந்ததன் மடிப்பும் அலையும் தானாக அடங்கும். இழை சாய்ந்திருக்கும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் தடவினால் தெரியும், பூனை முதுகைத் தடவுவது மாதிரி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். ஒன்று தலைகீழாகப் போய்விட்டால் பகலில் ஒன்று கருப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் தெரியும். பந்தும் இரண்டு பாதியில் இரண்டு விதமாக ஓடும்.

ரோலின் ஓரத்தில் புல் இல்லாத துணி இருக்கும். அதையும் சேர்த்து இரண்டு மூன்று தையல் வரிசை வெட்டி எடுங்கள். ஓர வரிசை எப்போதும் நோஞ்சான். வெட்டுவது பின்பக்கத்திலிருந்து, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில், புது பிளேடால். ஒரு மீட்டருக்கு ஒரு தடவை கத்தி புல்லைப் பிடித்ததா பாருங்கள்.

உங்களுக்கு ஒரு சுளுவு இருக்கிறது. டென்னிஸ் நடுக்கோடு 5 செ.மீ. வெள்ளை. உங்கள் ஒரே ஜாயின்ட் சரியாக நடுவில்தான் விழுகிறது. கோடு வரும் நீளத்துக்கு வெள்ளைப் பட்டையை இரண்டு ரோலுக்கும் நடுவே வைத்து ஒட்டிவிடுங்கள், மிச்ச நீளத்துக்கு அதே அகலத்தில் பச்சைப் பட்டை. வெட்டியதில் போன அகலமும் திரும்பக் கிடைத்துவிடும். மற்றக் கோடுகளுக்குப் புல்லை வெட்டி வெள்ளை பதிக்க வேண்டும். இறகுப்பந்துக் கோட்டையும் பதிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், தரை முழுக்க வெட்டாகிவிடும். அதற்குப் பெயின்ட் போதும், தேய்ந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

டேப் 30 செ.மீ. அகலம், சொரசொரப்பான பக்கம் மேலே. பழையவீடு கதையை மறக்காதீர்கள். பசை இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன். கலந்ததும் கெட்டியாகத் தொடங்கிவிடும், ஆகவே பதினாறு மீட்டருக்கும் ஒரே வாளியில் கலக்க வேண்டாம். பல் வைத்த கரண்டியால் இழுங்கள். பனி காய்ந்த பிறகு ஆரம்பித்து மாலை ஈரத்துக்கு முன் முடியுங்கள். ஜாயின்ட்டில் இரண்டு பக்கத் தையல் வரிசைக்கும் நடுவே இடைவெளி, மற்ற வரிசைகளுக்கு நடுவே உள்ள அதே அளவு. நெருக்கினால் ஜாயின்ட் மேடு கட்டும், தள்ளினால் வகிடு தெரியும். ஒட்டும்போது இழை ஒன்றுகூட அடியில் மாட்டக்கூடாது, இரண்டு பக்கப் புல்லையும் விரலால் ஒதுக்கிக்கொண்டே போங்கள். முட்டி வலிக்கும். பிறகு மணல் மூட்டையை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள், அன்று யாரும் மேலே நடக்க வேண்டாம்.

பின்வாசல் எழுதியது:

எத்தனை மூட்டை மணல் என்று சொல்லவில்லையே?

ரசமட்டம் எழுதியது:

15 மி.மீ. புல்லில் நுனி இரண்டு மூன்று மி.மீ. தெரியும்படி நிரப்ப வேண்டும். 12 மி.மீ. மணல் என்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 18 கிலோ. உங்கள் பரப்புக்கு 2.3 டன், அதாவது 50 கிலோ மூட்டை 46. மரத்து மூலையைக் கழித்தால் ஒன்றிரண்டு குறையும். கழுவிக் காயவைத்த, உருண்டை முனை கொண்ட சிலிக்கா மணல். கட்டிட மணல் வேண்டாம், அதிலுள்ள களிமண் தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைத்துவிடும். இந்த எடைதான் டர்ஃபை நகராமல் பிடித்து வைக்கும். அதனால் நடுவில் ஆணி எதுவும் அடிக்க வேண்டாம், ஓரத்தில் மட்டும் ஓரக்கல்லோடு ஒட்டினால் போதும்.

தையல்காரி எழுதியது:

மணலும் காய்ந்திருக்க வேண்டும், புல்லும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் மேலேயே கட்டி கட்டியாக உட்கார்ந்துவிடும். ஒரே தடவையில் கொட்டாமல் மெல்லிசாகத் தூவி, புல் சாய்ந்த திசைக்கு எதிராகத் துடைப்பத்தால் கூட்டி எழுப்பி, திரும்பத் தூவி, திரும்பக் கூட்டி. நாலைந்து சுற்று வரும்.

பழையவீடு எழுதியது:

போட்டு முடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு தடவை கூட்ட வேண்டும், முக்கியமாக அடிக்கோடு பக்கம். பிள்ளைகள் அங்கேயேதான் நிற்பார்கள், மணல் ஒதுங்கிப் புல் படுத்துவிடும். மரத்தடியில் இலையை மக்க விட்டால் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் வழுக்கும். பிரஷர் வாஷர் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒளித்து வையுங்கள். நான் ஒரு தடவை அடித்து, மணலெல்லாம் வேலிக்குப் போயிற்று.

பின்வாசல் எழுதியது:

முடிந்தது. நடுக்கோட்டு யோசனைக்கு அக்காவுக்குத் தனியாக நன்றி, ஜாயின்ட் எங்கே என்று வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மூட்டை 45 ஆயிற்று, ஒன்று மிச்சம். கடைசி இரண்டை மட்டும் அவசரத்தில் பனி காய்வதற்குள் கொட்டிவிட்டேன். அந்த இடம் நாலு நாள் வெல்லம் கொட்டின மாதிரி கட்டி கட்டியாக நின்றது.

நேற்று நல்ல மழை. குடையோடு போய் நின்று பார்த்தேன். மழை விட்ட கால் மணி நேரத்தில் மகள் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பந்து எழும்பாமல் சறுக்கி வருகிறது என்று புகார். மகன் முதல் நாளே சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான், சொல்லியும் கேட்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வீடு முழுக்க மணல். சோபாவில் மணல், குளியலறையில் மணல், இன்று காலை தலையணை உறைக்குள் மணல். இது எத்தனை நாளைக்கு?

தையல்காரி எழுதியது:

மேல் மணல் இறங்கி உட்காரக் கொஞ்ச வாரம் ஆகும். பின்வாசலில் ஒரு கால்மிதி போடுங்கள், பெரியதாக.

ரசமட்டம் எழுதியது:

அந்தக் கட்டைவிரல் இடத்தில் நேற்று தண்ணீர் நின்றதா?

பின்வாசல் எழுதியது:

இல்லை அண்ணே. கொத்தனாரும் மழையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.